குதிரை ஏறப் போகிறீர்களா?

தலைக்குக் கவசம், காலுக்கு பூட்ஸ், மனதுக்குப் பொறுமை!

வல்லக்கோட்டை என்றதும் முருகன் கோவில் நினைவுக்கு வரும். அதன் பக்கத்தில் இருப்பது ஒரகடம். அங்கே 2013-ம் ஆண்டில் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது.

350 சி.சி. மோட்டார் சைக்கிளின் திறன் சுமார் 20 குதிரை சக்தி. அதைச் சர்வ சாதாரணமாக ஓட்டுகிற வாலிபர், ஒரே ஒரு குதிரையை ஓட்டிவிடுவாரா?

எடுத்த எடுப்பில் முடியாது! மோட்டார் சைக்கிளுக்குப் பயம் கிடையாது. குதிரைக்குப் பயம் உண்டு. காற்றில் ஒரு காகிதம் பறந்தால்கூட அது மிரளும்.

சென்னையில் குதிரை ஏற்றம் கற்றுத்தரும் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. சிறுவர், சிறுமிகளும் சேருகிறார்கள். முதல் நாள் போவதற்கு முன் என்னென்ன செய்யவேண்டும்?

தலை முக்கியம்

கோர்ட்னி கிங்-டை என்பவர் அமெரிக்கப் பெண். 2008-ல் பீஜிங் ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட குதிரை வீராங்கனை.

2010 மார்ச் மாதம், பயிற்சியின்போது அவருடைய குதிரை கால் இடறி விழுந்தது. அவருக்குத் தலையில் பலத்த அடி. அன்று அவர் தலைக்கவசம் அணியவில்லை. சுமார் ஒரு மாதம் நினைவில்லாமல் கிடந்தார். மறுபடியும் நடக்கவும், பேசவும் பழகவேண்டியதாயிற்று.

ஒலிம்பிக் வீராங்கனைக்கே இந்தக் கதி! சர்வதேசக் குதிரையேற்றப் போட்டிகளில் 2021 முதல் தலைக்கவசம் கட்டாயம்.

வீட்டில் இருக்கும் மோட்டார் சைக்கிள் கவசம் போதாதா? போதாது. அது கனமானது. காதை மூடும். பக்கப் பார்வையை மறைக்கும். குதிரை ஏற்றத்துக்கென்றே தனிக் கவசம் உண்டு. அது கிடைக்குமா என்று பயிற்சி நிலையத்தில் முன்னதாகவே கேளுங்கள். தாடைப் பட்டையை இறுக்கிப் போடுங்கள்.

அங்கவடியும் பூட்சும்

வேட்டி, புடவை, தாவணி கூடாது. நீளமான கால்சட்டை வேண்டும். சங்கிலி, வளையல், மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வையுங்கள்.

சேணத்தின் இரு பக்கமும் கால் வைப்பதற்குத் தொங்கும் வளையத்துக்கு அங்கவடி என்று பெயர். செருப்புப் போட்டால் பாதம் அதற்குள் நழுவிச் சிக்கிக்கொள்ளும். அந்த நிலையில் கீழே விழுந்தால், குதிரை தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடும். ஆகவே, சிறிய குதிகால் உள்ள பூட்ஸ் அணியவேண்டும்.

சென்னை தீவுத்திடல் அருகே தாமஸ் மன்றோ சிலையைப் பார்த்திருப்பீர்கள். 1839-ல் வைத்த சிலை. மன்றோ குதிரை மேல் கம்பீரமாக இருக்கிறார். ஆனால் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை! சிலை விழாது. நாம் விழுவோம்!

பின்னால் போகாதீர்கள்

குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. அதனால் சுற்றிலும் பார்க்கும். ஆனால் நேர் பின்னால் இருப்பது தெரியாது. சத்தமில்லாமல் பின்புறம் போனால் உதை நிச்சயம்!

தோள் பக்கமாக, மெதுவாகப் பேசிக்கொண்டே நெருங்குங்கள். கழுத்தைத் தடவிக் கொடுங்கள். காதைப் பின்னால் மடித்தால், அதற்குக் கோபம் என்று பொருள். கேரட் கொடுப்பதானால் விரல்களை மடக்காமல் உள்ளங்கையில் வைத்துக் கொடுங்கள்.

இடது பக்கமாக ஏறுவது வழக்கம். வீரர்கள் இடுப்பின் இடது பக்கத்தில் வாள் தொங்கவிட்ட காலத்திலிருந்து வந்த பழக்கம் என்பார்கள்.

மறைக்கக்கூடாது

முதுகுவலி, ஆஸ்துமா, கர்ப்பம் இருந்தால் ஆசிரியரிடம் முன்பே சொல்லிவிடவேண்டும். லாயத்து மண்ணிலும், சாணத்திலும் டெட்டனஸ் கிருமி இருக்கும். தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். பட்டினியாகவும் போகாதீர்கள்.

முதல் நாள் ஓட்டம் கிடையாது. வெறும் நடைதான். ஏமாற்றம் அடையவேண்டாம். நிமிர்ந்து உட்காருவதும், குதிகாலைத் தாழ்த்துவதும், லகானைப் பிடித்துத் தொங்காமல் இருப்பதுமே அன்றைய பாடம். லகானை வெடுக்கென்று இழுத்தால் குதிரைக்கு வாய் வலிக்கும். மறுநாள் உங்களுக்குத் தொடை வலிக்கும்!

2023-ல் சீனாவில் நடந்த ஆசிய விளையாட்டில், இந்தியக் குதிரையேற்ற அணி தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் இந்தியாவுக்கு 41 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த தங்கம் அது. வென்ற நால்வரில் சுதிப்தி, திவ்யகிருதி இருவரும் பெண்கள். மகள் குதிரை ஏற ஆசைப்பட்டால் பெற்றோர் தடுக்கவேண்டாம். தலைக்கவசத்தை மட்டும் மறக்கவேண்டாம்!