உறங்கியும் தீராத களைப்பு

இரவு எட்டு மணி நேரம் படுத்திருந்தும், காலையில் உடல் அடித்துப் போட்டாற்போல் இருப்பதாகக் கூறுவோர் பலர். தாராவி, மாதுங்கா, செம்பூர் போன்ற நெருக்கமான பகுதிகளில் கொசுவையும் இரைச்சலையும் இதற்குக் காரணமாகச் சொல்வது வழக்கம். பல சமயங்களில் அது உண்மையே. ஆயினும் காரணம் உறங்குபவரின் தொண்டையிலேயே இருப்பதும் உண்டு.

மனித மூளையின் மின்னலைகளை 1924-ல் முதன்முதலாகப் பதிவு செய்தவர் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். கண்மூடி விழித்திருக்கையில் வினாடிக்கு 8 முதல் 13 வரை எழுபவை 'ஆல்பா' அலைகள். உறக்கம் ஆழ்ந்துவிட்டால், வினாடிக்கு நான்குக்கும் குறைவான, உயரமான 'டெல்டா' அலைகள் தோன்றும். 1975-ல் கனடாவின் மோல்டாப்ஸ்கி குழுவினர், நல்ல உடல்நலமுள்ளோரின் இந்த ஆழ்ந்த உறக்கத்தை மட்டும் ஒலியால் கலைத்துப் பார்த்தனர். அவர்களுக்குத் தசைநோவும் சோர்வும் தோன்றின.

ஒலி செய்த இவ்வேலையை மூச்சுத் தடையும் செய்யக்கூடும். உறக்கத்தில் தசைகள் தளர்ந்து தொண்டைவழி அடைபடுகிறது. பத்து வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. உடனே மூளையில் விழிப்பலைகள் எழ, உரத்த குறட்டையுடன் மூச்சு மீள்கிறது. இக்கணநேர விழிப்பு காலையில் நினைவில் இராது. நோய் கடுமையானால் மணிக்கு 30 தடவைக்கு மேலும் இவ்வாறு நிகழும்.

மாஹிமிலுள்ள ஹிந்துஜா மருத்துவமனையில் டாக்டர் ஜரீர் உத்வாடியா குழுவினர் 35 முதல் 65 வயது வரையுள்ள 658 ஆண்களை ஆராய்ந்து, 2004-ல் முடிவுகளை வெளியிட்டனர். நூற்றுக்கு 19.5 பேருக்கு உறக்கத்தில் மூச்சுத் தடையும், 7.5 பேருக்கு அத்துடன் பகல் தூக்கமும் இருப்பதாகக் கணக்கிட்டனர். வந்தவர்கள் நோயாளிகள் அல்லர். வழக்கமான உடற்பரிசோதனைக்கு வந்தவர்களே.

ஒரே அறையில் பலர் படுக்கும் வீடுகளில் ஒரு வசதி உண்டு. நோயாளி அறியாததை அருகில் படுத்திருப்பவர் அறிவார். ஆகவே களப்பணியாளர் வீட்டாரையும் வினவுதல் வேண்டும்: குறட்டை சட்டென நின்று, பின் திணறலுடன் தொடங்குகிறதா? அப்படியாயின் மருத்துவரிடம் அனுப்புக. மதுவும், மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளும் தூக்க மாத்திரையும் நோயைப் பெருக்கக்கூடும்.

வகுப்பில் உறங்கி விழும் சிறுவனைச் சோம்பேறி எனக் கடியுமுன், அவன் இரவில் குறட்டை விடுகிறானா என்று ஆசிரியர் பெற்றோரைக் கேட்பது நன்று. குழந்தைகளிடம் பெரும்பாலும் பருத்த டான்சில், அடினாய்டு சதைகளே காரணம். அவற்றை அகற்றினால் பலர் நலமடைகின்றனர்.

பெரியவர்களுக்கு, மூக்குமூடி வழியே அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தும் முறையை 1981-ல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் குழுவினர் வெளியிட்டனர். கருவியின் விலை ஏழைக் குடும்பங்களுக்கு எளிதன்று. ஆனால் அதைப் பொருத்திய முதல் இரவிலேயே, பலரிடம் டெல்டா அலைகள் நெடுநேரம் தடையின்றி ஓடுவதைக் காணலாம்.