வீட்டை விலை பேசுமுன் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள்

சென்ற தை மாதம் என் மருமகன் ஒருவர் வேலணையில் ஒரு வீடு பார்த்துவிட்டு வந்தார். "நாலு அறை, மாமா. சுற்று மதில், தென்னை, வீட்டோடு கட்டுக்கிணறு. தண்ணி தேன் மாதிரி. பண்ணைப் பாலத்தால் வந்தால் அரை மணித்தியாலத்தில் கடையில் நிற்கலாம்" என்றார். இரும்புச் சாமான் வியாபாரி அவர். சோனகத் தெருவில் கேட்கும் விலை அவர் கைக்கு எட்டவில்லை. 1990 ஒக்டோபரில் நாம் வெளியேற்றப்பட்ட பிறகு புத்தளத்தில் வாடகை வீட்டில் வளர்ந்த பிள்ளை. சொந்தக் கூரை என்றதும் அவசரப்பட்டார். மறுநாளே முற்பணம் கொடுக்கப் போவதாகச் சொன்னார். ஆவணி மட்டும் பொறுங்கள் என்றேன்.

காரணம் இருக்கிறது. தீவகத்தில் ஆறு கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மழைதான் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படையாக நிற்கிறது. தையில் பல கிணறுகள் இனிக்கும். வெயில் ஏற ஏற அந்தப் படை மெலியும். பக்கத்துக் காணிக்காரர் மோட்டார் போட்டு அளவுக்கு மேல் இறைத்தால் உப்பு இன்னும் கெதியாக மேலே வரும்.

ஆவணியில் இருவருமாகப் போனோம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா தேநீர் தந்தார். நன்றாகத்தான் இருந்தது. "எந்தத் தண்ணி அம்மா?" என்று கேட்டேன். "குடிக்கிறது பவுசர் தண்ணி ஐயா. கிணறு இப்ப குளிக்க மட்டும்தான்" என்றார் ஒளிக்காமல். வாளியால் அள்ளி வாயில் விட்டேன், கரித்தது. மருமகன் பேசவேயில்லை.

கடைக்கு இடம் பிடிக்கும்போது நாம் சனம் போய்வரும் பாதை, லொறி நிற்க இடம், எதிர்க்கடை எல்லாம் பார்க்கிறோம். வீட்டுக்கு மட்டும் சுவரையும் கூரையையும் பார்த்து விலை பேசுகிறோம். பவுசர் காசும், தாங்கி கட்டும் காசும், பிள்ளைகளின் பஸ் காசும் வீட்டு விலையின் பாகம்தான். முதலில் கொடுக்காததை மாதா மாதம் கொடுக்கிறோம்.

நியாயமாகச் சொன்னால் வேலணை மோசமில்லை. மத்திய கல்லூரி இருக்கிறது. ஊர்காவற்றுறையில் வைத்தியசாலையும் நீதிமன்றமும் உண்டு. இரவு பன்னிரண்டு மணிக்கு நோயாளியை வாகனத்தில் ஏற்றி யாழ்ப்பாணம் போகலாம். நெடுந்தீவில் அது முடியாது. குறிகட்டுவான் துறைக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம், கடல் கொந்தளித்தால் படகும் இல்லை. நயினாதீவுக்குக் கடல் தூரம் குறைவு, யாத்திரிகர் வருவதால் சில்லறை வியாபாரமும் நடக்கும். ஆனால் ஒரு சீமெந்துப் பையை லொறியில் ஏற்றி, துறையில் இறக்கி, படகில் ஏற்றி, மறுபடி இறக்கி என்று எத்தனை கூலி! நெடுந்தீவுக்காரர் அந்தக் காலத்தில் கடற்கல்லை அடுக்கியே வேலி கட்டியதன் அருமை அப்போது விளங்கும்.

மின்சாரமும் அப்படித்தான். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் டீசல் மின்பிறப்பாக்கிதான் நெடுங்காலத் துணை. சூரிய ஒளி, காற்று மின் திட்டம் 2021இல் ஒரு சீன நிறுவனத்துக்கு என்று தீர்மானமாகி, அது நின்றுபோய், 2022 மார்ச்சில் இந்தியாவுடன் உடன்படிக்கையாகி, 2024 மார்ச்சில்தான் பெங்களூர் நிறுவனமொன்றோடு ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஐஸ் அறை போட்டு மீன் வியாபாரம் செய்ய நினைப்பவர் இந்தக் கதையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று, உறுதி. புங்குடுதீவார் கொழும்பில் கடை வைத்து உழைத்து ஊரில் பெரிய பெரிய வீடு கட்டினார்கள். இன்று பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, சொந்தக்காரர் கனடாவிலும் சுவிசிலும் பிரான்சிலும். தீவகம் முழுக்க இதே நிலைதான். ஒரு வீட்டுக்கு நாலைந்து பங்காளிகள். தேசவழமைப்படி பங்காளிக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. ஒருவருக்கு அறிவிக்காமல் வாங்கினாலும் பிறகு வழக்குத்தான். யுத்தகாலத்தில் இடம்பெயர்ந்தவரின் காணியை ஆண்டனுபவித்ததைக் காட்டி உரிமை கோருவோருக்கு எதிராக 2016இல் விசேட சட்டமும் வந்தது. "நான் இருபது வருஷமாக இருக்கிறேன்" என்று சொல்பவரிடம் வாங்குவதற்கு முன் நல்ல நொத்தாரிசைப் பாருங்கள்.

மருமகன் தாங்கிச் செலவையும் சில வருடப் பவுசர் காசையும் கழித்து ஒரு விலை சொன்னார். விற்பவர் பாதி இறங்கி வந்தார். கனடாவில் இருக்கும் சகோதரியின் அற்றோணித் தத்துவம் இன்னும் வந்து சேரவில்லை. முற்பணம் பெட்டியில்தான் இருக்கிறது.