நீர் மாசுபாடும் தூய குடிநீரும்: திருத்தணியும் கொசத்தலை ஆறும்

நீர் மாசுபாடு என்பது ஆறு, ஏரி, குளம், கிணறு, நிலத்தடி நீர் ஆகியவற்றில் கழிவுகள் கலந்து, அந்த நீர் குடிப்பதற்கும் பயிர் செய்வதற்கும் உயிரினங்கள் வாழ்வதற்கும் தகுதியற்றுப் போவதைக் குறிக்கும். திருவள்ளூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்துள்ள திருத்தணி, முருகனின் அறுபடை வீடுகளுள் ஐந்தாவதாகக் கருதப்படும் மலைக்கோயில் ஊர் ஆகும். இவ்வூரின் அருகே செல்லும் நந்தி ஆறு கொசத்தலை ஆற்றில் சேர்கிறது. கொசத்தலை ஆற்று நீர் பூண்டி நீர்த்தேக்கத்தில் தேக்கப்பட்டுச் சென்னைக்குக் குடிநீராகச் செல்கிறது. எனவே இப்பகுதியில் நீரில் கலக்கும் மாசு இப்பகுதியோடு நின்றுவிடுவதில்லை.

ஆற்றின் பாதை

ஆந்திர மலைப்பகுதியில் இருந்து வரும் லவா, குசா எனும் சிற்றாறுகள் பள்ளிப்பட்டு அருகே இணைந்து கொசத்தலை ஆறு உருவாகிறது. சித்தூர்ப் பகுதியில் தோன்றும் நகரி ஆறு, பூண்டி நீர்த்தேக்கத்தின் மேற்பகுதியில் இதனுடன் சேர்கிறது. சுமார் 136 கிலோமீட்டர் நீளமுள்ள கொசத்தலை ஆறு எண்ணூர் அருகே வங்காள விரிகுடாவில் கலக்கிறது.

1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம், சென்னை மேயராக இருந்த தீரர் சத்தியமூர்த்தியின் பெயரால் சத்தியமூர்த்தி சாகர் எனப்படுகிறது. கண்டலேறு கால்வாய் வழியாக வரும் கிருஷ்ணா நீரும் இங்கேயே வந்து சேர்கிறது.

சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, 1960 ஏப்ரல் 1 அன்று அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. மாநில எல்லை மாறினாலும் ஆற்றின் பாதை மாறவில்லை. இன்று இந்த ஆற்றின் மேற்பகுதி ஒரு மாநிலத்திலும் கீழ்ப்பகுதி மற்றொரு மாநிலத்திலும் உள்ளன. ஆகவே ஒரு மாநிலம் மட்டும் முயன்று இதைத் தூய்மையாக வைத்திருக்க முடியாது.

மாசு சேரும் வழிகள்

வீட்டுக் கழிவுநீர்: கழிப்பறை, குளியலறை, சமையலறைக் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் ஓடைகள் வழியாக ஆற்றை அடையும்போது நோய்க்கிருமிகளும் சோப்புப் பொருள்களும் நீரில் கலக்கின்றன.

கோயில் குளங்கள்: ஆடிக் கிருத்திகை நாளில் திருத்தணியில் பெருந்திரளான பக்தர்கள் காவடி எடுத்து வருகின்றனர். மலையடிவாரத்தில் உள்ள சரவணப் பொய்கையில் தெப்பத் திருவிழா நடைபெறுகிறது. இத்தகைய குளங்களின் நீர் ஓடும் நீரன்று. பூ, உணவு, எண்ணெய், சோப்பு முதலியவை சேர்ந்தால் அவை அங்கேயே தங்கி அழுகும். அவற்றைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் நீரில் கரைந்துள்ள ஆக்சிசனைப் பயன்படுத்திக்கொள்வதால் மீன்கள் மூச்சுத் திணறி இறக்கின்றன. குளத்தில் நாற்றம் வீசுவது இதனால்தான்.

சாயக் கழிவு: பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் முதலிய ஊர்களிலும் எல்லைக்கு அப்பால் நகரி, புத்தூர்ப் பகுதிகளிலும் நெசவு முக்கியத் தொழிலாகும். நூலுக்குச் சாயமேற்ற அதிக அளவில் நீரும் உப்பும் தேவைப்படுகின்றன. சாயநீரின் நிறத்தை நீக்கிவிட்டாலும் அதில் கரைந்த உப்பு தங்கிவிடும்.

விவசாயம்: நெல், கரும்பு வயல்களில் அளவுக்கு மேல் இடப்படும் உரத்தின் நைட்ரேட் மழைநீருடன் கிணறுகளுக்கு இறங்குகிறது.

வறண்ட ஆறும் மாசடையும்

கொசத்தலை, நந்தி, பாலாறு ஆகியவை ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுகள் அல்ல. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நீர் பெருகும். மற்ற மாதங்களில் மணல்தான் தெரியும். ஆறு ஓடும்போது கழிவு நீர்த்துப்போகிறது. ஆறு வறண்டிருக்கும்போது விடப்படும் கழிவு குட்டையாகத் தேங்கி, மணல் வழியாக மெல்லக் கீழே இறங்குகிறது. ஊர்களுக்குக் குடிநீர் தரும் கிணறுகள் பல ஆற்றுப் படுகையிலும் கரையோரங்களிலுமே தோண்டப்படுகின்றன. மேலே கழிவு காய்ந்து மறைந்தாலும், அதில் கரைந்திருந்த பொருள்கள் கிணற்றை அடையக்கூடும். ஆற்று நீரின் மாசு கண்ணுக்குத் தெரியும். நிலத்தடி நீரின் மாசு பெரும்பாலும் தெரிவதில்லை. அதை நீக்குவதும் மிகக் கடினம்.

பாலாறு, நொய்யல் தரும் பாடம்

இதற்குத் தெளிவான சான்று திருத்தணிக்குத் தென்மேற்கே உள்ள பாலாற்றுப் பகுதியாகும். ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் கிணறுகளும் விளைநிலங்களும் கெட்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. சுமார் 35,000 எக்டேர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதாகக் கூறிய ஆய்வு அத்தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்னும் கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அத்தீர்ப்பு உறுதி செய்தது.

ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை, லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவை விட்டுச் சென்றது. ஆலை மூடப்பட்ட பிறகும் அக்கழிவிலிருந்து குரோமியம் நிலத்தடி நீரில் கலந்துகொண்டிருந்தது.

நொய்யல் ஆற்றில் பாசனத்திற்காக 1992-இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக் கழிவு தேங்கும் இடமாக மாறியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியே விடாமல் முழுவதும் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை அதன்பின் அங்கு வலுவடைந்தது.

குடிநீரின் தரம்

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 (2012) தர அளவின்படி குடிநீரில் இருக்கத்தக்க அளவுகள் சில:

- கரைந்த திடப்பொருள்கள்: லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை
- நைட்ரேட்: 45 மில்லிகிராம்
- புளூரைடு: 1 மில்லிகிராம், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை
- குரோமியம்: 0.05 மில்லிகிராம்
- ஈ.கோலை பாக்டீரியா: 100 மில்லிலிட்டர் நீரில் ஒன்றுகூட இருத்தல் கூடாது

கிருமிகள் கலந்த நீரால் வயிற்றுப்போக்கு, காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை ஆகியவை பரவுகின்றன. பாதுகாப்பற்ற குடிநீர், சுகாதாரக் குறைவு ஆகியவற்றால் உண்டாகும் வயிற்றுப்போக்கினால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 10 லட்சம் பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நைட்ரேட் மிகுந்த நீர் கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்சிசனை எடுத்துச் செல்லும் திறனைக் குறைக்கும். புளூரைடு மிகுந்தால் பற்களும் எலும்புகளும் பாதிக்கப்படும்.

கொதிக்க வைத்தால் போதுமா?

நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் அழியும். நன்றாகக் கொதி வந்தபின் ஒரு நிமிடமாவது கொதிக்கவிட வேண்டும். குளோரின் மாத்திரையை உறையில் குறிப்பிட்ட அளவில் இட்டு அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்துவதும் பயன்தரும். ஆனால் உப்பு, நைட்ரேட், புளூரைடு, குரோமியம் ஆகியவை கொதிப்பதால் நீங்குவதில்லை. நீர் ஆவியாகிக் குறைவதால் அவற்றின் செறிவு சற்றுக் கூடவே செய்யும். ஆர்.ஓ. கருவி இவற்றைப் பெருமளவு நீக்கும். ஆயினும் அது ஒரு பகுதி நீரைக் கழிவாக வெளியேற்றும், எல்லா வீட்டாராலும் வாங்க முடிவதுமில்லை. எனவே கிருமி மாசைச் சமையலறையில் தடுக்க முடியும். வேதி மாசை அது தோன்றும் இடத்தில்தான் தடுக்க வேண்டும்.

பாதுகாக்கும் வழிகள்

இந்தியாவில் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இல் இயற்றப்பட்டது. தூய குடிநீர் பெறுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றங்கள் கூறியுள்ளன. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010 ஜூலை 28 அன்று இதனை மனித உரிமையாக ஏற்றது.

சட்டத்துடன் கீழ்க்கண்டவையும் தேவை:

- ஊர்க் கழிவுநீரைச் சுத்திகரித்த பிறகே ஓடையிலும் ஆற்றிலும் விடுதல்
- சிறு சாயப்பட்டறைகளுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைத்தல்
- எல்லை ஆறுகளின் நீர்த் தரத்தை இரு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களும் தொடர்ந்து ஆய்வு செய்தல்
- திருவிழாக் காலங்களில் குளத்திற்கு வெளியே குளியல், கழிப்பறை வசதிகளை ஏற்படுத்தி, பூ, துணி, பிளாஸ்டிக் பொருள்களைத் தனியே சேகரித்தல்
- கிணறு, ஆழ்குழாய்க் கிணற்று நீரை மழைக்கு முன்னும் பின்னும் பரிசோதித்தல்
- கிணற்றுக்கு அருகே கழிவுக்குழி அமைக்காதிருத்தல்

திருத்தணி மலையடிவாரத்தில் பெய்யும் மழை சில நாள்களில் பூண்டியை அடைந்து, பின்னர் சென்னையில் ஒரு வீட்டுக் குடத்தில் நிறையக்கூடும். அந்தக் குடத்து நீரின் தூய்மை, அது கடந்துவரும் ஒவ்வோர் ஊரும் தன் கழிவை என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது.