சாரதியற்ற சிறு ஊர்திகளின் பொருளாதாரம்

பொதுப் போக்குவரத்து ஊர்திகள் பெரியனவாக அமைந்தமைக்குப் பொறியியலைவிடக் கூலிக் கணக்கே முதன்மைக் காரணம் எனலாம். ஒரு சாரதியின் வேதனத்தை ஐம்பது பயணிகள் மீது பகிர்வதற்கும் ஐவர் மீது பகிர்வதற்குமுள்ள வேறுபாடே பேருந்தின் அளவைத் தீர்மானித்தது. பயணி காத்து நிற்கும் நேரம் இக்கணக்கில் செலவாகப் பதியப்படுவதில்லை. சாரதியை அகற்றினால், அழைத்ததும் வரும் சிறு ஊர்தி கட்டுப்படியாகும் என்பது 1960களில் அமெரிக்காவில் வலுப்பெற்ற வாதம். அதனை மேற்கு வேர்ஜீனியாவின் மோர்கன்ரவுண் நகரை வைத்தே நாம் ஆராய்கின்றோம்.

பிரிந்து கிடந்த பல்கலைக்கழக வளாகங்களை இணைக்கும் தன்னியக்கப் பாதை அங்கு 1975இல் திறக்கப்பட்டது. ரப்பர்ச் சில்லுகளில் ஓடும் ஊர்தி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 பேரை ஏற்றும். நிலையங்கள் பிரதான பாதையினின்றும் விலகியிருத்தலால், பொத்தானை அழுத்திச் செல்லுமிடத்தைக் குறித்தவர் இடையில் நில்லாது செல்லலாம். ஊர்திகளுக்கிடையே 15 செக்கன் இடைவெளி எனின், மணிக்கு 240 ஊர்திகள், 4,800 பயணிகள். நால்வர் அமரும் ஊர்தியால் இத்தொகையை எட்டுவதற்கு இடைவெளி 3 செக்கனாகக் குறையவேண்டும். அதுவும் ஒவ்வோர் ஊர்தியும் நிரம்பினால். தனித்துச் செல்லும் வசதியையே சிறப்பாகக் காட்டும் ஊர்தி நிரம்புவது எங்ஙனம்?

மோர்கன்ரவுணிலும் நெருக்கடி வேளைகளில் அழைப்புமுறை நிறுத்தப்பட்டு, அட்டவணைப்படியே ஊர்திகள் ஓடுகின்றன. எத்தனை ஊர்திகள் வேண்டும் என்பதை நிர்ணயிப்பதோ அந்நெருக்கடி வேளைதான்.

சாரதியின் வேதனம் மறைந்த இடத்தில் கொங்கிறீற்றுப் பாதை வந்து நின்றது. சிறு ஊர்திக்கு இலேசான, மலிவான பாதை போதும் என்பதே மூலக் கோட்பாடு. ஆயின் 1972ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன் திட்டத்தைக் காட்டிவிட நிக்சன் நிர்வாகம் அவசரப்பட்டது. ஊர்தியின் எடை உறுதியாகுமுன்பே பாதை வரையப்பட்டுப் பாரியதாயிற்று. பனியை உருக்கப் பாதையையே சூடாக்கவும் வேண்டியிருந்தது. முதற்கட்டச் செலவு 6 கோடி டொலரைத் தாண்டி, ஆரம்ப மதிப்பீட்டின் மும்மடங்கையும் விஞ்சியது. உயிருள்ள உழைப்பை அகற்றியதாகக் கூறப்பட்ட திட்டம், உண்மையில் அவ்வுழைப்பைக் கட்டுமானத்துக்கும் பராமரிப்புக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் இடம் மாற்றியது.

இருந்தும் அத்திட்டம் நிலைத்தது. ஆனால் பயணச்சீட்டு வருவாயால் அன்று. மூலதனத்தின் பெரும்பகுதியை மத்திய அரசு ஏற்றது. மாணவரிடம் போக்குவரத்துக் கட்டணம், ஊர்தியில் ஏறினாலும் ஏறாவிட்டாலும், கல்விக் கட்டணத்துடனேயே அறவிடப்படுகின்றது.