ஒரே டிலே, ஆறு ப்ரீசெட்: ஜெராக்ஸா, பாயிண்டரா?

போன வருஷ கல்ச்சுரல்ஸ். எங்க பேண்டுக்கு ஆறு பாட்டு, என் கிட்டார் ப்ராசஸரில் பாட்டுக்கு ஒன்றாக ஆறு ப்ரீசெட். சவுண்ட் செக்கில் ஆடிட்டோரியம் ரொம்ப எதிரொலித்தது. கையில் இருந்த முதல் ப்ரீசெட்டில் டிலே மிக்ஸைக் குறைத்து சேவ் பண்ணினேன். வேலை முடிஞ்சதுன்னு நினைச்சேன். இரண்டாவது பாட்டில் பழைய டிலே அப்படியே வந்து நின்றது. மூன்றாவதிலும்தான். பாடுறவன் மேடையிலேயே என்னைத் திரும்பிப் பார்த்து முறைத்தான்.

தப்பு மெஷினில் இல்லை. ஆறு ப்ரீசெட்டிலும் "அதே டிலே" இருக்கு என்று நான் நம்பியிருந்தேன். உண்மையில் இருந்தது, ஒன்றைப் பார்த்து காப்பி அடித்த ஆறு தனித்தனி டிலே.

முதல் வருஷம் சி லாங்குவேஜில் படித்தோமே, ஞாபகம் இருக்கா? ஃபங்ஷனுக்கு ஒரு வேரியபிளை அப்படியே அனுப்பினால் மதிப்பின் நகல் மட்டும்தான் போகும். உள்ளே என்ன மாற்றினாலும் வெளியே மாறாது. பாயிண்டரை அனுப்பினால் அசலே மாறும். கிட்டார் ப்ராசஸரிலும் கதை இதுதான்.

முதல் வழி: ஜெராக்ஸ்

லைன் 6 ஹீலிக்ஸில் ஒரு பிளாக்கை காப்பி செய்து வேறு ப்ரீசெட்டில் பேஸ்ட் பண்ணலாம். பிடித்த செட்டிங்கை ஃபேவரிட்டாக சேமித்து, எந்த ப்ரீசெட்டிலும் போட்டுக்கொள்ளலாம். ரொம்ப வசதி. ஆனால் ஜெராக்ஸ் எடுத்த பிறகு ஒரிஜினலில் திருத்தினால் ஜெராக்ஸ் மாறுமா? மாறாது. ஆறிலும் நீங்களேதான் போய்த் திருத்த வேண்டும்.

இரண்டாம் வழி: பாயிண்டர்

ஃப்ராக்டல் ஆடியோவின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் மெஷின்களில் குளோபல் பிளாக் என்று ஒன்று உண்டு. பல ப்ரீசெட்கள் ஒரே பிளாக்கோடு இணைந்திருக்கும். அதை மாற்றினால் எல்லாவற்றிலும் மாறும். எனக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது இதுதான். ஆனால் ஆபத்தும் இதிலேயே இருக்கு. புதுப் பாட்டுக்காக வீட்டில் ஜாலியாகத் திருப்பிய ஒரு நாப், மூன்று மாசம் உழைத்து செட் பண்ணிய பழைய பாட்டையும் சத்தமில்லாமல் கெடுத்துவிடும்.

மூன்றாம் வழி: ப்ரீசெட்டையே மாற்றாதீர்கள்

ஹீலிக்ஸில் ஒரு ப்ரீசெட்டுக்குள் 8 ஸ்னாப்ஷாட், ஆக்ஸ்-எஃப்எக்ஸ் 3-இல் 8 சீன். டிரைவ் ஆன், கோரஸ் ஆஃப் மாதிரி மாற்றங்களை இவையே பார்த்துக்கொள்ளும். டிலே பிளாக் ஒன்றுதான். ஹீலிக்ஸில் ஸ்னாப்ஷாட்டோடு இணைக்காத பாராமீட்டர் எட்டுக்கும் பொது, அதனால் மிக்ஸை ஒரு தடவை குறைத்தால் போதும். டிலேயின் வாலும் பாதியில் அறுபடாது. ஆனால் எல்லா எஃபெக்டும் ஒரே ப்ரீசெட்டுக்குள் அடங்கணும். ப்ராசஸர் சக்திக்கு அளவு உண்டு.

காப்பி பண்ணக் கூடாதவை

டிலே நேரத்தை மில்லி விநாடியில் காப்பி பண்ணாதீர்கள். 120 பிபிஎம் பாட்டில் ஒரு பீட் 500 மில்லி விநாடி. டாட்டட் எய்த் டிலே 375. அதையே 100 பிபிஎம் பாட்டில் போட்டால் தாளத்தோடு சண்டை போடும், அங்கே வேண்டியது 450. நோட் அளவாக வைத்து டெம்போவோடு இணைத்துவிட்டால் கணக்கை மெஷினே போட்டுக்கொள்ளும்.

இடமும் முக்கியம். டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் அழகாக இருந்த டிலேயை முன்னால் வைத்தால், ஒவ்வொரு எதிரொலியும் சேர்ந்து கரகரக்கும். கெயின் அளவு கிட்டாரையும் பொறுத்தது. சிங்கிள் காயிலுக்கு வைத்தது ஹம்பக்கரில் பெரும்பாலும் அதிகமாகிவிடும்.

அப்போ ஹால் எதிரொலிக்கு என்ன செய்வது? அது பாட்டின் பிரச்சினை இல்லை, இடத்தின் பிரச்சினை. ஹால் மாறினால் மாறுகிற விஷயத்தை ப்ரீசெட்டுக்குள் தேடாமல், முதலில் குளோபல் மெனுவில் தேடுங்கள். ஆக்ஸ்-எஃப்எக்ஸில் எல்லா ப்ரீசெட்டின் ரிவெர்ப் மிக்ஸையும் அங்கே ஒரே இடத்தில் கூட்டலாம், குறைக்கலாம். ஹீலிக்ஸில் குளோபல் ஈக்யூ இருக்கு.

கடைசியாக ஒரு இரண்டு நிமிட டெஸ்ட். முதலில் பேக்கப். பிறகு ஒரு ப்ரீசெட்டில் டிலே மிக்ஸை வேணும்னே அதிகமாக ஏற்றி சேவ் பண்ணி, அடுத்த ப்ரீசெட்டைத் திறந்து பாருங்கள். மாறியிருந்தால் பாயிண்டர், மாறவில்லை என்றால் ஜெராக்ஸ். இதை ஹாஸ்டல் ரூமிலேயே பார்த்துவிடுங்கள். நான் மேடையில் தெரிந்துகொண்டேன்.