ரிப்போர்ட் நார்மல்... தைராய்டு மாத்திரையை நிறுத்தலாமா?

"காலையில எழுந்திரிக்கவே முடியலை டாக்டர். உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. சாப்பாட்டைக் குறைச்சுட்டேன். ஆனாலும் எடை ஏறிக்கிட்டே போகுது. தலை வாரினா சீப்பு நிறைய முடி..."

இப்படிச் சொல்லிக்கொண்டு வரும் பெண்களை எந்த கிளினிக்கிலும் பார்க்கலாம். வீட்டில் அவர்களுக்குக் கிடைத்திருக்கும் பட்டம், 'சோம்பேறி'! ரத்தத்தைப் பரிசோதித்து, தைராய்டு குறைவு என்று தெரிந்து மாத்திரை ஆரம்பித்தால், இரண்டு மூன்று மாதத்தில் ஆள் பழையபடி ஆகிவிடுவார். அடுத்த ரிப்போர்ட்டும் 'நார்மல்' என்று வரும்.

வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. "அதான் நார்மல்னு வந்தாச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை? நிறுத்திப் பாரேன்" என்று வீட்டில் யாராவது யோசனை சொல்வார்கள். அவரும் நிறுத்திவிடுவார்.

இதில் என்ன தப்பு? தெரிந்துகொள்ள, நம் கழுத்துக்குள் நடக்கும் வேலையைக் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.

கழுத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி

குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாயை அணைத்தபடி, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போல உட்கார்ந்திருக்கிறது தைராய்டு சுரப்பி. எடை சுமார் 20 கிராம்தான். நாம் சாப்பிடும் உணவிலும் உப்பிலும் உள்ள அயோடினைப் பிடித்து வைத்து, இரண்டு ஹார்மோன்களைத் தயாரிக்கிறது. நான்கு அயோடின் அணுக்கள் கொண்டது டி-4. இதற்குத் தைராக்ஸின் என்று பெயர். மூன்று அணுக்கள் கொண்டது டி-3.

சுரப்பியிலிருந்து அதிகம் வருவது டி-4. ஆனால், உடம்பில் மும்முரமாக வேலை பார்ப்பது டி-3. கல்லீரல், சிறுநீரகம் போன்ற இடங்களில் டி-4 தன்னிடம் உள்ள ஓர் அயோடினைக் கழற்றிக் கொடுத்துவிட்டு டி-3 ஆக மாறிக்கொள்கிறது.

இந்த ஹார்மோனுக்கு என்ன வேலை? அடுப்பில் தீயைக் கூட்டுவது, குறைப்பது போலத்தான். உடம்பின் செல்கள் எந்த வேகத்தில் சக்தியைச் செலவழிக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது இதுதான். தீ தணிந்தால் இதயத் துடிப்பு மந்தமாகும். குடலும் மெதுவாக வேலை செய்வதால் மலச்சிக்கல் வரும். தோல் வறண்டு போகும். குளிர் தாங்காது. மாதவிலக்கு தாறுமாறாகும். மறதியும் மனச்சோர்வும் சேர்ந்துகொள்ளும். தீ எகிறினால் நேர் எதிர்! நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைக்கும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். சிலருக்குக் கண் பிதுங்கும்.

மேஸ்திரியும் கொத்தனாரும்

"குறைவுன்னு சொல்றீங்க, ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். அதிகம்னு போட்டிருக்கே?" என்று பலரும் குழம்புவார்கள். டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பது அல்ல. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற குட்டிச் சுரப்பி அனுப்பும் உத்தரவு அது.

பிட்யூட்டரியை மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தைராய்டுதான் கொத்தனார். கொத்தனார் ஒழுங்காக வேலை செய்தால் மேஸ்திரி அதட்ட வேண்டியதில்லை. அவர் சுணங்கினால் மேஸ்திரியின் குரல் உயரும். டி.எஸ்.எச். எகிறுவது இந்த அதட்டல்தான்! அதனால்தான் தைராய்டு குறையும்போது டி.எஸ்.எச். கூடுகிறது. ஹார்மோன் அளவுக்கு மீறினால், மேஸ்திரி வாயை மூடிக்கொள்வார். டி.எஸ்.எச். அடிமட்டத்துக்கு இறங்கிவிடும்.

கொத்தனாருக்கு உடம்பு முடியவில்லை. அவருக்குப் பதில் வேறோர் ஆள் வந்து வேலையை முடித்துக் கொடுக்கிறார். மேஸ்திரி அமைதியாகிவிட்டார். அந்த மாற்று ஆள்தான் உங்கள் மாத்திரை! ரிப்போர்ட் நார்மல் என்றால், மாத்திரை சரியாக வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். பழைய கொத்தனார் குணமாகிவிட்டார் என்று அர்த்தமில்லை.

நிறுத்தியதும் ஏன் தெரிவதில்லை?

"ஒரு வாரமா போடலை, நல்லாத்தானே இருக்கேன்!" என்பார்கள். ரத்தத்தில் இருக்கும் டி-4 பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். கையிருப்பு கரையும்வரை ஒன்றும் தெரியாது. சில வாரங்கள் கழித்துப் பழைய அசதி மெல்ல வந்து உட்காரும். மாத்திரையை நிறுத்தியதை அதற்குள் எல்லோரும் மறந்திருப்போம். டாக்டர்கள் மாத்திரையின் அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு வரச் சொல்வதும் இதனால்தான்.

சுரப்பி கெடுவதற்கு, உப்பில் அயோடின் சேர்க்கும் நம்மைப் போன்ற இடங்களில் முக்கியக் காரணம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குவது. ஜப்பானிய டாக்டர் ஹகாரு ஹஷிமோட்டோ 1912-ல் இதை விவரித்தார். பெண்களுக்கே இது அதிகம். சேதமான சுரப்பியை மாத்திரை சரிசெய்யாது. இல்லாத ஹார்மோனை ஈடுசெய்யும், அவ்வளவுதான்.

"காலம் பூராவும் மாத்திரையா?" என்று மலைக்க வேண்டாம். இங்கிலாந்தில் ஜார்ஜ் முர்ரே என்ற டாக்டர் 1891-ல், தைராய்டு குறைவால் தவித்த 46 வயதுப் பெண்மணிக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி மூலம் கொடுத்தார். பிறகு வாய்வழியாகத் தொடர்ந்தார். அந்தப் பெண்மணி மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து, 74 வயதில் காலமானார்!

கர்ப்பிணிகளே, கவனம்!

"வயித்துல குழந்தை இருக்கு, மாத்திரை மருந்தெல்லாம் வேண்டாம்" என்று பெரியவர்கள் அன்போடு சொல்வார்கள். தைராய்டு மாத்திரை விஷயத்தில் அதைக் கேட்டுவிடாதீர்கள். முதல் மூன்று மாதங்கள் கருவிலுள்ள குழந்தை தாயின் ஹார்மோனையே நம்பியிருக்கிறது. அதன் மூளை வளர்ச்சிக்கு அது அவசியம். அந்தச் சமயத்தில் மாத்திரையின் அளவைப் பெரும்பாலும் கூட்ட வேண்டியிருக்கும். நாள் தள்ளிப்போனது தெரிந்ததுமே டாக்டரைப் பாருங்கள்.

பிறந்த குழந்தைக்கும் ஒரு வார்த்தை. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே தைராய்டு வேலை செய்யாது. பார்த்தால் தெரியாது. குதிகாலில் சில துளி ரத்தம் எடுத்துக் கண்டுபிடித்து, முதல் இரண்டு வாரங்களுக்குள் மருந்து ஆரம்பித்தால் மூளை வளர்ச்சியைக் காப்பாற்றிவிடலாம். டிஸ்சார்ஜ் ஆகும்முன் இந்தப் பரிசோதனை ஆகிவிட்டதா என்று கேளுங்கள்.

மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு...

* காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு போடுங்கள். காபி, டிபனுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் போகட்டும்.

* இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

* முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? ரிப்போர்ட்டையே அது தப்பாகக் காட்டலாம். பரிசோதனைக்கு முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

* எடை குறையும் என்று நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள். இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பும் தேயும்.

* தைராய்டு அதிகமானவர்களுக்கு மருந்தே வேறு. பக்கத்து வீட்டு மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள்!

யாருமே நிறுத்த முடியாதா? முடியும். பிரசவத்துக்குப் பின் வரும் தற்காலிகக் கோளாறு, மிக லேசான குறைபாடு போன்றவற்றில் டாக்டரே அளவைக் குறைத்து, ரத்தத்தைச் சோதித்து நிறுத்திப் பார்ப்பார். ஆனால், அந்த முடிவை எடுக்க வேண்டியவர் அவர்தான். எதிர்வீட்டு மாமியோ, வீட்டுக்காரரோ அல்ல!