மின்னஞ்சல் கணக்கு அமைப்புகள்: வீட்டுக் கணினியில் பழுது கண்டறிதல்

தண்டர்பேர்டு, அவுட்லுக் போன்ற மென்பொருள்கள் வழியாக வீட்டுக் கணினியில் மின்னஞ்சல் பார்ப்பவர்கள் என்றாவது ஒருநாள் 'உள்நுழைய முடியவில்லை' என்ற செய்தியைச் சந்திக்கிறார்கள். நேற்று வரை வேலை செய்தது. யாரும் எதையும் மாற்றவில்லை. கடவுச்சொல்லும் சரியானதுதான். அப்போது பெரும்பாலோர் உடனே செய்வது, கணக்கை மென்பொருளிலிருந்து நீக்கிவிட்டு மறுபடியும் சேர்ப்பது. சில நேரம் அதில் எல்லாம் சரியாகிவிடும். சில நேரம் பத்து ஆண்டுக் கடிதங்கள் அதோடு போய்விடும். இரண்டில் எது நடக்கும் என்பது அந்தக் கணக்கு எந்த முறையில் அமைக்கப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்தது. எனவே எதையும் நீக்குவதற்கு முன் பழுது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை.

போக ஒரு வழி, வர ஒரு வழி

மின்னஞ்சல் முகவரி ஒன்றுதான். ஆனால் அதற்குப் பின்னால் இரண்டு தனித்தனி வழிகள் உள்ளன. தெருமுனைத் தபால் பெட்டியில் கடிதம் போடுவதும், தபால்காரர் வீட்டுக்குக் கடிதம் கொண்டுவருவதும் வெவ்வேறு வேலைகள் அல்லவா? அதுபோல மின்னஞ்சல் அனுப்புவதை ஒரு வழங்கியும் (பேச்சில் சர்வர் என்கிறோம்), வந்ததைத் தருவதை இன்னொரு வழங்கியும் கவனிக்கின்றன. இரண்டுக்கும் தனித்தனி முகவரி, தனித்தனி போர்ட் எண், தனித்தனியாகச் சேமிக்கப்பட்ட கடவுச்சொல்.

அனுப்பும் வழிக்கான நெறிமுறை எஸ்எம்டிபி. இது 1982இல் வரையறுக்கப்பட்டது. பெறும் வழிக்கு இரண்டு நெறிமுறைகள் உள்ளன: ஒன்று பாப், மற்றொன்று ஐமேப். இன்று பயன்படும் பாப்3 1988இல் வெளிவந்தது. ஐமேப் 1986இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் உருவாக்கியது.

ஆகவே 'மெயில் வேலை செய்யவில்லை' என்று சொல்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது: வரவில்லையா, போகவில்லையா? வருகிறது, போகவில்லை என்றால் பெறும் வழியின் அமைப்புகளைத் தொடவே வேண்டாம். இரண்டுமே நின்றுவிட்டால் கடவுச்சொல், இணைய இணைப்பு, கணினிக் கடிகாரம் ஆகிய பொதுவான காரணங்களில் ஒன்றாக இருக்கலாம்.

அடுத்த சோதனை இன்னும் எளிது. இணைய உலாவியைத் திறந்து, மின்னஞ்சல் சேவையின் இணையதளத்தில் நேரடியாக உள்நுழைந்து பாருங்கள். அங்கேயும் நுழைய முடியவில்லை என்றால் கோளாறு கணக்கில் இருக்கிறது. கணினி அமைப்புகளை எவ்வளவு மாற்றினாலும் பயனில்லை. அங்கே எல்லாம் சரியாக இருந்தால், கோளாறு உங்கள் மென்பொருளுக்கும் வழங்கிக்கும் இடையில்தான். இந்த இரண்டு நிமிடச் சோதனையைச் செய்யாமல் ஒரு மாலைப்பொழுதை வீணடித்தவர்கள் ஏராளம்.

சரியான கடவுச்சொல் ஏன் மறுக்கப்படுகிறது

பழைய அமைப்பு திடீரென நின்றுபோவதற்கு இன்று முக்கியமான காரணம் இதுதான். முன்பெல்லாம் மின்னஞ்சல் மென்பொருள் உங்கள் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் சேமித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் வழங்கியிடம் அப்படியே கொடுத்தது. அந்தக் கடவுச்சொல் ஒருமுறை திருடு போனால் கணக்கு முழுவதும் திருடன் கையில். இதனால், பயனர்பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் கேட்கும் செயலிகளைக் கூகுள் 2022 மே 30 முதல் தனிநபர் கணக்குகளில் ஏற்பதில்லை. மைக்ரோசாஃப்டும் தனது தனிநபர் அவுட்லுக், ஹாட்மெயில் கணக்குகளில் அந்த முறையை 2024 செப்டம்பர் 16 அன்று முடிவுக்குக் கொண்டுவந்தது.

இதற்கு மாற்றாக வந்திருப்பது ஓஆத்2 என்னும் முறை. இதில் மென்பொருள் ஒரு சிறிய உலாவிச் சாளரத்தைத் திறக்கும். நீங்கள் கூகுளின் பக்கத்திலேயே உள்நுழைந்து, 'இந்த மென்பொருளை அனுமதிக்கிறேன்' என்று ஒப்புதல் தருகிறீர்கள். கூகுள் அந்த மென்பொருளுக்கு ஓர் அனுமதிச் சீட்டைத் தருகிறது. கடவுச்சொல் மென்பொருளின் கைக்குப் போவதே இல்லை.

தண்டர்பேர்டில் ஜிமெயில் வைத்திருப்பவர்கள் 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்' பகுதியில் 'சர்வர் செட்டிங்ஸ்' பக்கத்தைத் திறந்து, 'ஆதென்டிகேஷன் மெத்தட்' என்ற இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே 'நார்மல் பாஸ்வேர்டு' என்று இருந்தால், அதை ஓஆத்2 என்று மாற்றினால் பெறும் வழி சரியாகிவிடும். இதோடு நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு. அனுப்பும் வழங்கி அதே பக்கத்தில் இல்லை. இடப்பக்கப் பட்டியலின் அடியில் 'அவுட்கோயிங் சர்வர்' என்று தனியே இருக்கிறது. அங்கேயும் அதே மாற்றத்தைச் செய்ய வேண்டும். உள்நுழைவுச் சாளரம் திறந்தும் மேலே நகராமல் நின்றால், தண்டர்பேர்டின் தனியுரிமை அமைப்பில் குக்கிகளை ஏற்கும் தெரிவு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். குக்கி இல்லாமல் இந்த முறை இயங்காது.

ஓஆத்2 அறியாத பழைய மென்பொருளை விட மனமில்லாதவர்களுக்கு ஜிமெயிலில் ஒரு குறுக்குவழி உண்டு. கூகுள் கணக்கில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கிய பிறகு, 16 எழுத்துகள் கொண்ட 'ஆப் பாஸ்வேர்டு' ஒன்றை உருவாக்கி, வழக்கமான கடவுச்சொல்லின் இடத்தில் அதைக் கொடுக்கலாம். பின்னால் கூகுள் கணக்கின் முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றினால் இந்த ஆப் பாஸ்வேர்டு செல்லாததாகிவிடும். புதிதாக ஒன்று உருவாக்க வேண்டும். 'போன மாதம்தானே சரிசெய்தேன்' என்ற புலம்பலுக்குப் பல நேரங்களில் இதுதான் காரணம்.

சில மென்பொருள்களுக்கு எந்த அமைப்பும் உதவாது. விண்டோஸ் 10உடன் வந்த 'மெயில்' செயலிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2024 டிசம்பர் 31இல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து அவுட்லுக் எக்ஸ்பிரஸை இன்னமும் விடாமல் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்; இன்றைய பாதுகாப்பான இணைப்பு முறைகளை அது அறியாது. அதோடு மல்லுக்கட்டுவதை விட வேறு மென்பொருளுக்கு மாறுவதே நல்லது.

இத்தனைக்கும் முன்பு ஒரு சின்ன விஷயம். தமிழ்99 விசைப்பலகை இயக்கத்தில் இருக்கும்போது கடவுச்சொல்லைத் தட்டினால், திரையில் புள்ளிகள் மட்டுமே தெரிவதால் தமிழ் எழுத்துகள் விழுவது தெரியாது. கேப்ஸ் லாக்கும் இப்படித்தான் ஏமாற்றும். ஐயம் இருந்தால் நோட்பேடில் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு அழித்துவிடுங்கள்.

வருகிறது, ஆனால் போகவில்லை

எஸ்எம்டிபி பிறந்த காலத்தில் அனுப்புநர் யார் என்று அது கேட்கவே இல்லை. தபால் பெட்டியில் யார் வேண்டுமானாலும் கடிதம் போடலாம் என்பது போலத்தான் இருந்தது. அடையாளம் கேட்கும் வசதி அதில் சேர்ந்தது 1999இல். இடைப்பட்ட காலத்திலும் அதற்குப் பிறகும், இணையச் சேவை தரும் நிறுவனங்கள் பல தங்கள் இணைப்பில் இருப்பவரா என்று மட்டும் பார்த்துக் கடிதத்தை ஏற்றுக்கொண்டன. அதனால் பழைய அமைப்புகளில் அனுப்பும் வழங்கிக்குக் கடவுச்சொல்லே இருக்காது. அந்த வீட்டில் பிராட்பேண்ட் நிறுவனத்தை மாற்றியதும் கடிதங்கள் வழக்கம்போல் வரும். ஆனால் ஒன்றுகூடப் போகாது. வீட்டுக்காரர் மின்னஞ்சல் நிறுவனத்தைத் திட்டுவார். உண்மையில் பழைய இணைய நிறுவனத்தின் வழங்கி, 'நீ இப்போது என் வாடிக்கையாளர் அல்ல' என்று சொல்லிக்கொண்டிருக்கும். இதற்குத் தீர்வு, அனுப்பும் வழங்கியாக மின்னஞ்சல் சேவையின் சொந்த வழங்கியையே கொடுத்து, அடையாளச் சரிபார்ப்பையும் இயக்குவது.

இன்னொரு காரணம் போர்ட் எண் 25. முன்பு எல்லோரும் இதன் வழியாகத்தான் அனுப்பினார்கள். வைரஸ் தாக்கிய வீட்டுக் கணினிகள் இதே வழியில் குப்பை மின்னஞ்சல்களைக் கொட்டத் தொடங்கியதால், பல இணைய நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளில் இந்த எண்ணை அடைத்துவிட்டன. இப்போது பயன்படுத்த வேண்டியவை 465 அல்லது 587.

எண்ணை மட்டும் மாற்றினால் போதாது. அதற்கு இணையான பாதுகாப்பு முறையையும் தேர்ந்தெடுக்க வேண்டும். 465க்கு எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், 587க்கு ஸ்டார்ட் டிஎல்எஸ். பெறும் வழியில் ஐமேப்புக்கு 993, பாப்புக்கு 995; இரண்டுக்கும் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். இந்த ஜோடி பொருந்தாமல் போனால் வரும் அறிகுறி தனியானது: மென்பொருள் கடவுச்சொல் தவறு என்று சொல்லாது. நெடுநேரம் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு 'இணைப்பு நேரம் கடந்தது' என்று சொல்லும். அப்படி வந்தால் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப மாற்றாதீர்கள், எண்ணைப் பாருங்கள்.

அனுப்பும்போது வரும் பிழைச் செய்தியில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். அதை மூடுவதற்கு முன் குறித்துக்கொள்ளுங்கள். 535 என்றால் உங்கள் அடையாளம் ஏற்கப்படவில்லை. 550 பெரும்பாலும் பெறுநரின் முகவரி இல்லை அல்லது அவருடைய வழங்கி மறுக்கிறது என்பதைக் குறிக்கும். அதற்கும் உங்கள் அமைப்புகளுக்கும் தொடர்பு குறைவு. 552 என்றால் இடம் போதவில்லை. பிழைச் செய்தி என்றாலே பதறி மூடிவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் பழுது எங்கே என்று சொல்வது அது ஒன்றுதான்.

கடிகாரம், வைரஸ் தடுப்பு, நிரம்பிய பெட்டி

பழைய மேசைக் கணினிகளில் ஒரு வேடிக்கையான பழுது உண்டு. மதர்போர்டில் நாணய வடிவில் ஒரு சிறிய பேட்டரி இருக்கும். பொதுவாக அது சிஆர்2032 வகை. அது தீர்ந்துபோனால், மின்சாரம் நின்று வரும் ஒவ்வொரு முறையும் கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். வழங்கி காட்டும் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினி தன் தேதியை வைத்துப் பார்த்து, 'இந்தச் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை' என்று இணைப்பை மறுத்துவிடும். மின்னஞ்சல் மட்டுமல்லாமல் இணையதளங்கள் பலவும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை காட்டினால் திரையின் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். விலை குறைந்த ஒரு பேட்டரி மாற்றினால் தீர்ந்துவிடும்.

சில வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் மின்னஞ்சலைச் சோதிப்பதற்காக இணைப்பின் நடுவில் நுழைந்து தம் சான்றிதழைக் காட்டும். அதனாலும் சான்றிதழ் எச்சரிக்கை வரலாம். மின்னஞ்சல் சோதனையை மட்டும் சற்று நேரம் அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

புதிய கடிதங்கள் வராமல், வேறு எந்தப் பிழையும் இல்லாமல் இருந்தால் பெட்டி நிரம்பியிருக்கலாம். ஜிமெயிலின் இலவச 15 ஜிபி இடம் மின்னஞ்சலுக்கு மட்டும் உரியதல்ல. கூகுள் டிரைவும் போட்டோஸும் அதையே பங்கிடுகின்றன. கைப்பேசியிலிருந்து தானாக ஏறும் கல்யாண வீடியோக்கள், கல்லூரியிலிருந்து வரவேண்டிய கடிதத்தைத் தடுத்துவிடும்.

நீக்குவதற்கு முன்

இனி, தொடக்கத்தில் சொன்ன ஆபத்து. ஐமேப் முறையில் கடிதங்கள் வழங்கியிலேயே இருக்கின்றன. உங்கள் கணினியில் இருப்பது அதன் நகல். கணக்கை நீக்கி மறுபடி சேர்த்தால் எல்லாம் திரும்ப வரும். பாப் முறை அப்படி அல்ல. அது கடிதத்தைக் கணினிக்கு இறக்கியதும் வழங்கியிலிருந்து அழித்துவிடும் வகையில் உருவானது. 'வழங்கியில் ஒரு நகலை வைத்திரு' என்ற தெரிவு இயக்கப்படாமல் இருந்தால், உலகில் அந்தக் கடிதம் இருக்கும் ஒரே இடம் உங்கள் ஹார்டு டிஸ்க்தான்.

தண்டர்பேர்டில் 'சர்வர் செட்டிங்ஸ்' பக்கத்தின் மேலேயே 'சர்வர் டைப்' என்று எழுதியிருக்கும். பாப் என்று இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். 'ஹெல்ப்' பட்டியலில் 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' என்பதைத் திறந்து, 'புரொஃபைல் ஃபோல்டர்' எங்கே இருக்கிறது என்று பார்த்து, மென்பொருளை மூடியபின் அந்தக் கோப்புறையை முழுவதுமாக ஒரு பென் டிரைவில் நகலெடுங்கள். கணக்கை நீக்கும்போது, கடிதங்களையும் சேர்த்து அழிக்கவா என்று மென்பொருள் தனியாகக் கேட்கும். அந்தப் பெட்டியில் குறி இடாமல் இருந்தால் கோப்புகள் வட்டில் இருக்கும். ஆனால் பட்டியலில் தெரியாது. குறியிட்டு ஒப்புக்கொண்டால் அவை வட்டிலிருந்தும் அழிக்கப்படும்.

உதவி தேடும்போதும் கவனம் வேண்டும். தேடுபொறியில் கிடைக்கும் 'வாடிக்கையாளர் சேவை' எண்களில் மோசடிக்காரர்களின் எண்களும் கலந்திருக்கின்றன. உங்கள் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொன்னாலோ, கைப்பேசிக்கு வந்த ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்டாலோ அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். பணம் போய்விட்டால் இந்தியாவில் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்கலாம்.

அமைப்புகளைச் சரிசெய்த பிறகு உங்கள் முகவரிக்கே ஒரு கடிதம் அனுப்பி, அது போவதையும் வருவதையும் பாருங்கள். பிறகு அவுட்பாக்ஸையும் திறந்து பார்த்துவிடுங்கள். பழுதான நாட்களில் அனுப்ப முயன்று தேங்கிய கடிதங்கள் அங்கே காத்திருக்கும். ஒரே விண்ணப்பத்தை நான்கு முறை அனுப்ப முயன்றிருந்தால், மூன்றை அழித்துவிட்டு ஒன்றை மட்டும் அனுப்புங்கள்.